காலி நிலத்தில் இருந்தவர்கள்

ஜப்பான்காரன் காலத்தில் பினாங்கு நில அலுவலகத்தில் நான் படம் வரையும் கிராணி, அதாவது குமாஸ்தா. வெள்ளைக்காரன் விட்டுப்போன வரைபடங்களில் காலியாகக் கிடக்கும் நிலத்துக்கெல்லாம் பச்சை மை பூச வேண்டும். பச்சை என்றால் மரவள்ளி. அரிசிக் கப்பல் வராத தீவில் காலி நிலம் முழுக்க மரவள்ளி நட்டால் ஊர் செழிக்கும் என்று புது அதிகாரி திட்டம் போட்டிருந்தார். செழித்தது, மண்ணாங்கட்டி!

காலி என்று படம் சொன்ன இடத்தில் ஆட்கள் இருந்தார்கள். பட்டா இல்லாமல் குடியிருந்தவர்களை வெள்ளைக்காரன் வரைந்ததே இல்லை. ஆயர் ஈத்தாம் பக்கம் கொட்டகை போட்டிருந்த எங்கள் பால்காரரும் அப்படித்தான். ஒருநாள் அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"கிராணி ஐயா, கொட்டாய பிரிக்கச் சொல்றாங்க. மாட்டையெல்லாம் எங்க கட்டுறது? எங்களையும் படத்துல போட்டுடுங்க லா."

நான் யாழ்ப்பாணத்தான். எங்கள் ஆட்களுக்குக் கடுதாசிமேல் இருக்கிற நம்பிக்கை கோயில்மேல்கூடக் கிடையாது. "ஒண்டுக்கும் பயப்பிடாதை தம்பி. படத்தில ஏறிட்டா ஒருத்தரும் அசைக்க ஏலாது" என்றேன். என்ன பெருமை எனக்கு!

கொட்டகையை வரைந்தேன். அதோடு விட்டேனா? ஓரத்தில் அழகாக எழுதியும் வைத்தேன்: பால்காரர், தம்பிகள் இருவர், மூவரும் திடகாத்திரமான உழைப்பாளிகள். நல்ல குடிகள் என்று காட்டினால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்த மடையன் நான்.

படத்தைப் பார்த்து அதிகாரியின் முகம் மலர்ந்தது. மறுநாள் காலை லாரி போனது. மூன்று பேரையும் தண்டவாளம் போட, போனவன் திரும்பாத சயாம் காட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மாடுகள் பட்டாளத்துக்குக் கறியாகப் போயின. பால்காரர் மனைவி அலுவலக வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். ஜப்பான்காரனை அல்ல, என்னை. சரியாகத்தான் தூற்றினாள்.

மிச்சமிருக்கிற காலி நிலம் அத்தனைக்கும் இதே மாதிரி எழுதி வரும்படி அதிகாரி உத்தரவு போட்டார். மாட்டேன் என்றால் அடுத்த லாரியில் நான். உயிர்மேல் ஆசை. குடையும் நோட்டுமாகக் கிளம்பினேன்.

நடந்தது எதுவும் எட்டாத பாயான் லெப்பாஸ் பக்கம், படத்தில் ஏற்றிக்கொள்ள கிராணி வந்திருக்கிறார் என்று சனங்கள் ஓடி வந்தார்கள். ஒரு அம்மா முக்காலி போட்டு உட்கார வைத்து, சீனி இல்லாத தேத்தண்ணி கொடுத்தாள். நான் எழுதி முடித்து எழுந்தபோது பதறிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"ஐயா, ஐயா, எம் மூத்தவன விட்டுட்டீங்களே! பாசாருக்குப் போயிருக்கான். அவனையும் எழுதுங்க லா. நல்ல பலசாலி."

எழுதினேன்.