ஐம்பதாவது குடும்பம்

"உங்க பொன்னுரங்கம் ரெண்டு வருஷத்துல மூணு பிள்ளை பெத்திருக்கார்மா," என்றார் அரசு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் வீரராகவன். "வயசு அம்பத்திரண்டு. ஆம்பளை. நடுவுல அவருக்குத் தட்டம்மை, பால்கட்டு, அப்புறம் பல் முளைக்கிற பேதி. நான் எதை நம்பிக் கையெழுத்துப் போடறது?"

உம்மு ஹானிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் அதை அடக்கிக்கொண்டாள். மேசைமேல் கிடந்த பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினாள். பொன்னுரங்கம், பொன்னுரங்கம், பொன்னுரங்கம். அடுத்த பக்கத்தில் ஆதிகேசவன் என்று ஒருவன் மூன்று வயதிலும் இருந்தான், அறுபது வயதிலும் இருந்தான். நோயும் மருந்தும் அவள் எழுதியவை. பெயர்ப் பத்தி மட்டும் கம்பவுண்டர் செசிலியாவின் கையெழுத்து. இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அந்தப் பத்தியை உம்மு ஹானி படித்ததில்லை. எதிரே ஆள் இருக்கும்போது பெயரை எதற்குப் பார்ப்பது?

"சார், எல்லாரும் நிஜமான ஆளுங்க. எனக்கு ஒவ்வொருத்தரையும் தெரியும்."

"எனக்குத் தெரியாதே. டில்லிக்காரன் ரெண்டு பக்கம் புரட்டினா உங்களைப் பொய்க்காரினுவான். கூடவே என்னையும்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "வீட்டுக்கு வீடு யார் யார்னு எழுதி, ஊர்ப் பெரியவர் கையெழுத்தோட கொண்டாங்க. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு வரைக்கும் இங்க இருப்பேன். அதுக்கப்புறம் ஒரு மாசம் மகள் வீட்டுல, பெங்களூர்ல."

அன்று வியாழன். சனிக்கிழமை தபாலில் சேர்த்தால்தான் அவளுடைய மேற்படிப்பு விண்ணப்பம் கடைசி நாளுக்குள் டில்லி போய்ச் சேரும்.

திருப்பாலைவனம் தாண்டும்வரை பஸ்ஸில் அவள் மடியிலிருந்த பதிவேட்டைத் திறக்கவில்லை. எழுபத்தாறில் எம்.பி.பி.எஸ். முடித்துப் பழவேற்காட்டுக்குத் திரும்பியவள் அவள். மகப்பேறு மேற்படிப்புக்கு இரண்டு முறை எழுதினாள், குழந்தை மருத்துவத்துக்கு ஒரு முறை. எதுவும் கிடைக்கவில்லை. வாப்பா அப்துல் லத்தீப் வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். பத்து வருடமாகப் பச்சைக் குழந்தையிலிருந்து பக்கவாதம் வந்தவர் வரைக்கும் அந்த ஒரே அறைக்குத்தான் வந்தார்கள். சந்தேகம் கேட்க ஆளில்லை. பாதி நாள் தெரியாததைத் தெரிந்த முகத்தோடு செய்து முடிப்பாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு புத்தகத்தைப் புரட்டுவாள்.

எல்லா நோயையும் ஒரே ஆள் பார்ப்பதற்கென்று மூன்று வருடப் பயிற்சி வருகிறது, பெயர் குடும்ப மருத்துவம் என்று எண்பத்து நான்கில் ஒரு செய்தித்தாள் அறிவிப்பில் படித்தாள். அதைக் கத்தரித்துக் கண்ணாடியில் செருகி வைத்தாள். ஐம்பது குடும்பங்களை இரண்டு வருடம் விடாமல் பார்த்த பதிவேடு வேண்டும் என்றிருந்தது. தோணிரேவைத் தாண்டி ஏரிக்கரையில் ஒரு குப்பம், சரியாக ஐம்பது வீடு. ஞாயிறு தவறாமல் செசிலியாவோடு அங்கே போனாள். வயது வரம்பு முப்பத்தைந்து. வருகிற மார்ச்சில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது.

அன்று மாலை முன்னறையில் செசிலியா பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "இதுல இன்னா தப்பு?" என்றாள்.

"செசிலியாக்கா, பொன்னுரங்கம் அண்ணனுக்குப் பால்கட்டா?"

"நான் இன்னா பண்ணுவேன் டாக்டரம்மா? பேரு இன்னானு கேட்டா பொன்னுரங்கம்ன்றா. உம் பேரச் சொல்லுடினா, எங்க வூடு அந்தப் பேருதான்றா. பாடு லிஸ்டுல அப்டித்தான இருக்குது?"

ஏரியில் இறால் விழும் இடங்களில் எந்த வீடு எந்த நாள் வலை கட்டலாம் என்ற முறைதான் பாடு. சீட்டுக் குலுக்கி நாள் பிரிப்பார்கள். வீட்டுக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு பெயர். மீனும் அந்தப் பெயரில், கோயில் வரியும் அந்தப் பெயரில். மாத்திரைக்கு மட்டும் தனிப்பெயர் எதற்கு என்று குப்பம் நினைத்தது. செசிலியாவும் கரையில் பிறந்தவள்தான். அவளுக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் குப்பத்துக்குப் போனார்கள். பெரியதனக்காரர் மாசிலாமணி வலை காயப்போடும் கொட்டகையில் உட்கார்ந்து, "எழுதிக்கம்மா, எழுதி முடிச்சதும் நான் போடறேன்," என்றார். ஊர் திரண்டு வந்தது.

"எம் பேரா?" என்று மணியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கண்ணாலப் பத்திரிகைக்கு அப்புறம் இப்பத்தான் ஒருத்தர் கேக்குறாங்க."

"அப்போ நான் போட்டுக்கின ஊசியெல்லாம் எம்மவன் கணக்குலயா இருக்குது?" என்று ஒரு கிழவர் சண்டைக்கு வந்தார். "அவன் ஒரு ஊசிக்கே ஊரக் கூட்டுவானே!"

உம்மு ஹானியால் சிரிக்க முடியவில்லை. எழுதிக்கொண்டே வாசல் பக்கம் பார்த்தாள். மூன்று மணிக்கு நாற்பத்தொன்பது வீடு முடிந்தது. பொன்னுரங்கம் வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவளே எழுந்து போனாள்.

அவர் வீட்டருகே வலையில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "எங்க வூட்ட வுட்டுடு டாக்டரம்மா," என்றார்.

"அம்பது வேணும் அண்ணே. ஒண்ணு குறைஞ்சாலும் எடுத்துக்க மாட்டாங்க."

"எந் தங்கச்சி பேர எழுத வாணாம்."

அவர் தங்கை திரௌபதி. சுண்ணாம்புக்குளத்தில் தாமோதரனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. அங்கே ஒரு தகராறில் ஏரிப் பங்கை இழந்து, நான்கு வருடமாக இருவரும் இங்கே அண்ணன் வீட்டில் இருந்தார்கள். தாமோதரன் பொன்னுரங்கத்தின் பாடு நாளில் ஏரியில் இறங்கினான். இந்த ஊரில் அப்பன் வழியாகப் பிறக்காதவன் பாடு நாளில் வலை கட்டக் கூடாது. ஊருக்கு எல்லாம் தெரியும். வாய்திறந்து யாரும் சொல்லாதவரை அவன் பொன்னுரங்கம் வீட்டு ஆள், அவ்வளவுதான். பெரியதனக்காரர் எதிரில் எழுத்தில் வந்துவிட்டால் அவர் கேட்காததுபோல் இருக்க முடியாது.

"அவங்கள வுட்டுட்டு மத்தவங்கள எழுதேன்," என்றார் பொன்னுரங்கம்.

எழுதலாம். ஆனால் அப்போது ஒரு பிரசவத்துக்குத் தாய் இருக்கமாட்டாள். பதிவேட்டிலேயே நீளமான குறிப்பு அதுதான். வீரராகவன் முதலில் அதைத்தான் தேடுவார்.

"திரௌபதிய இவரு மருமவள்னு எழுதிடலாம்," என்று செசிலியா அவள் காதில் சொன்னாள்.

"மாசிலாமணி பொய்யில கையெழுத்துப் போடமாட்டாருக்கா."

பொன்னுரங்கம் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "கேக்குறேன்னு கோச்சிக்காத. நீ டாக்டராத்தான இருக்க? இன்னும் இன்னா டாக்டரு ஆவணும் உனக்கு?"

உம்மு ஹானி எழுதிவந்த தாளைக் கீழே இறக்கினாள்.

"எனக்குத் தெரியாதுண்ணே," என்றாள். "திரௌபதிக்குப் புள்ள பொறந்தன்னிக்கு ரத்தம் நிக்கலியே, ஞாபகம் இருக்கா? ஊசி போட்டேன். மறுபடி ஒண்ணு போட்டேன். அதுக்கப்புறம் இன்னா செய்யறதுனு எனக்குத் தெரியாது. வயித்த ரெண்டு கையாலயும் அமுக்கிக்கினு அல்லாவக் கூப்பிட்டுக்கினு இருந்தேன். தானா நின்னுது. நான் நிறுத்தல. நீங்க எல்லாரும் கால்ல வுழுந்தீங்க. அடுத்த தடவ நிக்கலைன்னா? அதத்தான் படிக்கணும்ன்றேன். இந்த வருஷம் வுட்டா எனக்கு யாரும் சொல்லித் தரமாட்டாங்க."

அவள் குரல் உயர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நின்று கேட்டார்கள். மணியம்மாளின் முகத்தில் சிரிப்பு இல்லை. பத்து வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்த முகம் ஒரே மூச்சில் போய்விட்டது என்பது உம்மு ஹானிக்குப் புரிந்தது. சொன்னதை இனித் திரும்ப எடுக்க முடியாது.

திரௌபதி குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தாள். எத்தனை நேரமாகவோ தெரியவில்லை. இறங்கி நேரே கொட்டகைக்கு நடந்தாள்.

"ஏய், உள்ள போ!" என்று பொன்னுரங்கம் கத்தினார்.

அவள் நிற்கவில்லை. மாசிலாமணியின் எதிரே போய் நின்றுகொண்டு, பின்னாலேயே வந்த உம்மு ஹானியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதிக்க டாக்டரம்மா. திரௌபதி, வயசு இருவத்தாறு. புருசன் தாமோதரன். ஊரு சுண்ணாம்புக்குளம்."

பேனா உம்மு ஹானியின் கையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியும் போயிற்று. அவள் எழுதினாள்.

மாசிலாமணி தாளை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். "இது டில்லிக்குப் போற காயிதம். நம்ம ஊரு கூட்டத்துக்கு வராது," என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "ஆனா எங் காது இங்கதான் இருக்குது," என்றார்.

சனிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு வீரராகவன் கையெழுத்துப் போட்டார். ஒரு மணிக்குள் விண்ணப்பம் தபாலில் சேர்ந்தது. 

ஐப்பசியில் பாடு நாளுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். வெளியூர் ஆள் ஏரியில் இறங்கக் கூடாது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். பொன்னுரங்கம் மூன்று நாள் நடையாய் நடந்து பார்த்தார். நான்காம் நாள் தாமோதரனும் திரௌபதியும் சட்டிபானையோடு சுண்ணாம்புக்குளத்துக்கே திரும்பிப் போனார்கள், இன்னொருவன் படகில் கூலிக்கு. அந்த ஞாயிறு உம்மு ஹானி குப்பத்துக்குப் போனபோது பொன்னுரங்கம் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. மற்ற வீடுகளிலும் கூட்டம் குறைந்திருந்தது. வந்த சிலரும், "இது உனக்குத் தெரிஞ்ச நோவா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டினார்கள். தெரியாதபோது தெரியாது என்றாள்.

டிசம்பரில் கடிதம் வந்தது. சென்னையில் இடம். சேரச் சம்மதம் என்று பத்து நாளுக்குள் எழுதவேண்டும். முன்னறையில் நின்று அதை இரண்டு முறை படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வெளியே ஆட்கள் காத்திருப்பதையும் மறந்து அழுதாள்.

செசிலியா கடிதத்தை எட்டிப் பார்த்தாள். "சீட்டு கெடச்சிருச்சுதான? அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

"திரௌபதி..."

"நீ போவலைன்னா அவ திரும்பி வந்துடப் போறாளா?"

உம்மு ஹானி எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே இருந்தவர்களைப் பார்த்து முடித்தாள். அன்று மாலைத் தபால் போவதற்குள் சம்மதம் என்று எழுதிப் பெட்டியில் போட்டாள்.