பச்சை ஜெர்சியைக் காத்த பெருமாள் அண்ணாச்சி

போன வாரம் திங்கட்கிழமை, அலுவலகத்தில் மின்விசிறியைப் போட்டுவிட்டு உட்காருவதற்குள் தொலைபேசி அடித்தது. பெருமாள் அண்ணாச்சியின் மகன் பேசினான். "மாமா, அப்பா போயிட்டாரு. காலம்பற நெஞ்சு வலிக்குன்னாரு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல்ல." விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கரமனையில் அவர் வீட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேலாயுதப்பெருமாள் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியில் பெயின்ட் கடை வைத்திருந்தவர். எங்கள் வட்டாரக் கால்பந்து அணியான ஆற்றங்கரை பிரதர்ஸின் ரசிகர் மன்றத் தலைவர். அவர் காலால் பந்தைத் தொட்டு நான் பார்த்ததில்லை. ஆஃப்சைட் விதி அவருக்குக் கடைசி வரை புரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

கடையில் மெதுவாகத்தான் பேசுவார். மழைக்காலத்தில் பெயின்ட் வாங்க வருபவர்களிடம், "மழ விட்ட பொறவு வாரும். இப்பம் அடிச்சா உணங்காது" என்று வந்த வியாபாரத்தையே திருப்பி அனுப்புவார். கேலரியில் அவர் வேறு ஆள். அவர் கத்தினால் பக்கத்தில் இருப்பவனுக்குக் காது அடைத்துவிடும்.

நான் வலியசாலைக்குக் குடிவந்த புதிதில், ஒரு ஆட்டத்தில் நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். முன்வரிசையிலிருந்து அண்ணாச்சி திரும்பினார். "ரெஃப்ரிய ஏசாதயும் வே. அவர ஏச வீட்டுல ஆளு இருக்கும். நம்ம பிள்ளையளுக்காகக் கத்தும்." அன்றிலிருந்து அவர் பக்கத்து இடம் எனக்கு. மடியில் ஒரு முரசும் வந்து சேர்ந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் அணி மூச்சு முட்டி நின்றது. லீகில் சேரவே வழியில்லை என்று கமிட்டி கையை விரித்த நேரத்தில், ஒரு மருந்துக் கம்பெனி முதலாளி உதவ முன்வந்தார். வாயுத் தொல்லைக்கு மாத்திரை செய்கிறவர். மாத்திரையின் பெயர் ஜெர்சியின் மார்பில் வர வேண்டும் என்றார். எதிரணிக்காரர்கள் ஏப்பம் விட்டே நம்மைக் கொல்வார்களே என்று தலையில் கைவைத்தோம். அதையாவது பொறுத்திருப்போம். மாத்திரைப் பெட்டி மஞ்சள் நிறம் என்பதால் ஜெர்சியும் மஞ்சளாக வேண்டுமாம். தொடங்கிய நாள் முதல் பச்சை உடுத்திய அணி அது. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கமிட்டிச் செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வாசகசாலையில் கூட்டம் போட்டோம். மஞ்சள் ஜெர்சிகளை ஸ்டேடியம் வாசலில் குவித்து எரிக்க வேண்டும் என்று நான்தான் கொதித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் தட்டவில்லை.

"எரிச்சா முதலாளி போவாரு. அவரு போனா டீமும் போச்சு. பொறவு பச்சைய யாரு போடுவா? பேரு இருந்துட்டுப் போட்டும், வாயு எல்லாருக்கும் உள்ளதுதானே. நெறம் மட்டும் நமக்கு வேணும்" என்றார்.

முதல் ஆட்டத்துக்கு எல்லோரும் பச்சையில் வர வேண்டும், அவர் கை தூக்கும் வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது என்று முடிவானது. முதலாளி பிணங்கிப் போனால் அதன்பின் மைதானத்துப் பக்கமே வரமாட்டேன் என்று அவர் செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லையென்றால் சாப்பாடு இறங்காத மனிதர் அவர்.

அன்று காலை முழுக்க மழை. மாலையில் எங்கள் பையன்கள் மஞ்சளில் இறங்கினார்கள், எதிரணி வெள்ளையில். நாங்கள் பயந்தபடியே எதிர்க் கேலரி கூட்டமாக ஏப்பம் விட்டது. நாங்கள் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தோம். முரசை வைத்துக்கொண்டு அடிக்காமல் இருப்பது என்ன கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். இடைவேளைக்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம்.

முதலாளி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்து, ஏன் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்று மலையாளம் கலந்து கேட்டார். "அண்ணாச்சி, எந்தா பிரஸ்னம்? ஒருத்தரும் மிண்டல்லியே. நம்ம பிள்ளேரு தோக்குந்நல்லோ."

அண்ணாச்சி காலடியிலிருந்த சாக்கைப் பிரித்தார். போன வருடத்துப் பச்சை ஜெர்சிகள், துவைத்து மடித்தவை. ஒவ்வொன்றின் மார்பிலும் மஞ்சள் எழுத்தில் மாத்திரையின் பெயர். முந்தின நாள் சாயங்காலம் அவரும் அவர் மனைவி செண்பகம் அக்காவும் அச்சு வெட்டி வைத்து எழுதியிருந்தார்கள்.

"நான் பெயின்ட் விக்கிறவன், கேட்டேளா. மஞ்ச சட்டையில ஒங்க பேரு அந்தக் கடேசி வரிசைக்குத் தெரியல்ல. பச்சையில மஞ்ச எடுத்துக் காட்டும்."

முதலாளி ஒரு ஜெர்சியைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "பச்ச கொள்ளாம் அச்சா" என்று அந்தச் சிறுமி அப்பாவிடம் பச்சைக்கே ஓட்டுப் போட்டாள். முதலாளி சிரித்துவிட்டார். நடுவரும் சம்மதித்தார். பையன்கள் பச்சையில் ஓடி வந்தபோது அண்ணாச்சி கையைத் தூக்கினார். என் முரசின் தோல் கிழியாதது ஆச்சரியம்.

ஒன்றை மட்டும் அண்ணாச்சி மறந்திருந்தார். மழைக்காலம், பெயின்ட் காயவில்லை. எங்கள் பையன்கள் முட்டி மோதிய ஒவ்வொரு வெள்ளை முதுகிலும் மஞ்சள் எழுத்து பதிந்தது. நாங்கள் ஒன்றுக்கு ஒன்று ஆனபோது எதிரணியில் பாதிப் பேர் வாயு மாத்திரைக்கு விளம்பரமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கேலரியில் ஏப்பம் நின்றுபோனது. "உணங்கல்ல வே. ஊருக்கெல்லாம் சொல்லுகவன் நானே இப்படிச் செய்துட்டேனே" என்று அண்ணாச்சி முகத்தை மூடிக்கொண்டார். முதலாளியோ நாற்காலி மேல் ஏறி நின்று குதித்துக்கொண்டிருந்தார். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

மறுநாள் முதலாளி கடைக்கே வந்தார். "நெறம் பச்ச மதி, அது போதும். எழுத்து மட்டும் எங்க ஆள்க்கார் செய்யட்டும், அண்ணாச்சி தொட வேண்டா."

அதன்பின் சிமென்ட் கம்பெனி வந்தது, நகைக்கடை வந்தது. மார்பில் பெயர்கள் மாறின. வந்தவர் ஒருவரும் பச்சையைத் தொடத் துணியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கலாம் என்றது கமிட்டி. நான் செண்பகம் அக்காவிடம் கேட்கப் போனேன். அழுது வீங்கிய முகத்தோடு அக்கா என்னைப் பார்த்தார்கள்.

"அவருக்காக நீங்க வாய மூடி இருக்கவா? அண்ணைக்கு அந்த மஞ்ச சட்ட ஆட்டத்துல அரைப்பொழுது உங்கள மிண்டாம இருத்துனதுக்கு அவரு ராத்திரி பூரா வருத்தப்பட்டாரு. கத்துங்க தம்பி."

நேற்று பையன்கள் பச்சையில் வரிசையாக நின்றார்கள். நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக் கை காட்டினார். கேலரி முழுவதும் எழுந்து, ஒரு நிமிடம், தொண்டை கிழிய அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. நான் அழுதுகொண்டே முரசை அடித்தேன். பிறகு விசில் ஒலித்தது.

ஆட்டம் தொடங்கிவிட்டது, அண்ணாச்சி. நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை.