அக்கா என் வாயால் பேசியது

என் அக்கா கிணற்றில் விழுந்து செத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. விழுந்தாளா, தானாக இறங்கினாளா என்று யாருக்கும் தெரியாது. ஊரில் விழுந்துவிட்டாள் என்றார்கள். எங்கள் வீட்டில் அதைப்பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

ஜலகண்டாபுரத்துப் பக்கம் எங்கள் ஊர். தறிக்காரக் குடும்பம். மேட்டூரில் அணை கட்ட ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். ஊர் இளவட்டங்களில் பாதிப் பேர் கல் சுமக்கப் போய்விட்டார்கள். மாமா போகவில்லை. மாமா என்றால் அம்மாவின் தம்பி, அக்காவைக் கட்டியவர். அடுத்த தெருவில் தனியாகத் தறி போட்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசாத மனிதனை நல்லவன் என்றும் சொல்லலாம், அழுத்தக்காரன் என்றும் சொல்லலாம். எங்கள் ஊரில் இரண்டையும் சொன்னார்கள்.

சாவதற்கு இரண்டு நாள் முன்னால் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் ஊடைநூலைத் தார்க் குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா தறியில் பூட்டும் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளைக்கு இங்கயே இருந்துட்டுப் போறனே, ஆத்தா" என்றாள் அக்கா.

"அங்க அவன் ஒத்தையில என்ன பண்ணுவான்? இப்பப் போ சாமி, கோயில் நோம்பிக்கு வா" என்றாள் அம்மா.

திட்டவில்லை, விரட்டவில்லை. கட்டிக்கொடுத்த மகளிடம் எல்லா அம்மாக்களும் சொல்வதைத்தான் சொன்னாள். அக்காவும் சரியென்று போய்விட்டாள். ஏன் இருக்கிறேன் என்கிறாய் என்று நானாவது கேட்டிருக்கலாம். எனக்கு அப்போது நூல் அறுந்துபோன எரிச்சல்.

அடுத்த வருடம் நான் பெரியவளானேன். மூன்று மாதம்கூட ஆகவில்லை, என்னை மாமாவுக்கே கட்டிவைப்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். அக்கா போன இடத்துக்குத் தங்கை போவது எங்களில் சாதாரணம். என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கோ அந்த வீட்டுக்குப் போக மனமில்லை. மாமாவைப் பிடிக்காது என்றில்லை. அக்கா ஏன் செத்தாள் என்று தெரியாமல் அவள் படுத்த பாயில் நான் எப்படிப் போய்ப் படுப்பது? இதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

தாலியோடு செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று எங்கள் வீடுகளில் கும்பிடுவார்கள். கல்யாணம் என்றால் முதல் அழைப்பு அவளுக்குத்தான். கிணற்றடிக்குப் போய், புதுச் சேலையும் பூவும் வைத்து அவளைக் கூப்பிட்டு, குடத்துத் தண்ணீரில் வீட்டுக்கு அழைத்து வந்து உத்தரவு கேட்கவேண்டும். யார் மேலாவது இறங்கி அவள் பதில் சொல்வாள். அந்தச் சேலையை மாமாவே நெய்து கொண்டுவந்தார். மஞ்சள் சேலை, அரக்குக் கரை. செத்துப்போன பெண்டாட்டிக்கு நெய்தது. பூசை முடிந்ததும் அதைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் நான்.

காலை வெயில் ஏறுவதற்குள் கிணற்று மேட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அக்கா செத்த அதே கிணறு. குடத்தை என் இடுப்பில் வைத்தார்கள். பம்பை அடிப்பவர் என் காதருகிலேயே அடித்தார். முந்தின நாளிலிருந்து என்னைப் பட்டினி போட்டிருந்தார்கள், அதையும் சொல்லிவிடவேண்டும். அம்மா அழுதுகொண்டே, "வந்துட்டியா கண்ணு? உன்ற தங்கச்சிய அனுப்பறோம், உத்தரவு குடு" என்றாள்.

"வேண்டாம் ஆத்தா. அவளை அங்க அனுப்பாதீங்க."

என் வாயிலிருந்துதான் வந்தது. நான் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஆத்தா என்று கூப்பிட்டவள் அக்கா. குடம் எப்போது விழுந்தது, நான் எப்போது விழுந்தேன், எதுவும் நினைவில்லை. கண்ணைத் திறந்தபோது மாமா மண்ணில் கிடந்த சேலையை எடுத்து, தூசி தட்டி, நாலாக மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்து போய்க்கொண்டிருந்தார்.

கல்யாணம் நின்றது. பூசைக்குச் சுட்ட வெல்லக் கச்சாயத்தை நான் ஐந்தாறு தின்றேன். அவ்வளவு சந்தோஷம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

அதற்குப் பிறகு அம்மா என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. எனக்குச் சோறு போட்டுவிட்டு என் முகத்தில் யாரையோ தேடுவாள். ஒருநாள் மத்தியானம், அப்பா தறியில் இருக்கும்போது, உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கையில் அந்த மஞ்சள் சேலை.

"ஒரே ஒருக்கா அவளைக் கூப்புடு சாமி. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும்."

"நான் கூப்பிட்டா வர்றதுக்கு அது என்னம்மா..." என்று தொடங்கினேன். அம்மா சட்டென்று குனிந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவள் காலைப் பிடித்தால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? பயந்துபோய்ச் சேலையைச் சுற்றிக்கொண்டேன்.

"ஆத்தா" என்றேன்.

அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். "கால் வழுக்கிருச்சா கண்ணு? இல்ல, நான் போகச் சொன்னதுக்கு..."

வெளியே தறிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. தானாக இறங்கினேன் என்று சொன்னால் அம்மா பிழைக்கமாட்டாள். வழுக்கியது என்று சொன்னால் மாமா மேல் குற்றமில்லை என்றாகிவிடும், கல்யாணத்தைத் தடுக்க ஒன்றும் இருக்காது. இரண்டும் எனக்கு அப்போதே விளங்கியது. நான் அவ்வளவு மண்டு இல்லை.

"வழுக்கிருச்சு ஆத்தா. படியில பாசி" என்றேன்.

அம்மா வாய்விட்டு அழுதாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, வெறுந்தரையில் படுத்துத் தூங்கிப்போனாள். அக்கா செத்த நாளிலிருந்து அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

நடிப்பது எப்படி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வார்த்தையைத் தேடவேண்டும், குரலை மாற்றவேண்டும், எதிராளி முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கவேண்டும். கிணற்று மேட்டில் இதில் எதையும் நான் செய்யவில்லை. அப்படியானால் அன்றைக்குப் பேசியது யார்? அக்காவேதான் என்றால், அவள் தடுத்ததை அவள் பேராலேயே நான் அழித்துவிட்டேனா? பட்டினியும் பயமும் சேர்ந்து என்னைப் பேசவைத்ததா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றும்.

"அவ வந்து சொல்லிட்டா. கால் வழுக்குனதுதானாம்" என்று அம்மா அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொன்னாள். தை மாதம் எனக்கும் மாமாவுக்கும் கல்யாணம் நடந்தது. மறுபடியும் கிணற்றடிக்குப் போனோம். இந்தத் தடவை அக்கா யார் மேலும் இறங்கவில்லை.

கல்யாணமாகி ஒரு மாதம் இருக்கும். மாமா நெய்துகொண்டிருந்தார், நான் தார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தறி நின்றது.

"அன்னைக்குக் கெணத்து மேட்டுல பேசுனது நீயா புள்ள, அவளா?"

"தெரியலீங்க மாமா."

"என்னையப் பத்தி வேற ஏதாச்சும் சொன்னாளா?"

ஊடைநூல் ஓட்டும் நாடாவை எடுத்துக் கீழே வைத்தார். "ஒண்ணும் சொல்லலீங்க" என்றேன். அவர் பாதி நெய்த துணி மேல் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நல்லவேளை சொல்லவில்லை என்று அழுதாரா, தனக்கென்று ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லையே என்று அழுதாரா? முப்பது வருடத்துக்கு மேல் அவரோடு குடித்தனம் செய்தேன், நாலு பிள்ளை பெற்றேன், அவர் மேல் எனக்குப் பிரியமும் வந்தது. அந்த அழுகை எதற்கென்று மட்டும் பிடிபடவே இல்லை. அன்றைக்கு நான் எழுந்து போய் அவர் முதுகில் கை வைத்தேன். எதற்காகத் தேற்றுகிறேன் என்று தெரியாமலே தேற்றினேன்.