அம்மா பதினான்கு ஊசி போட்டுக்கொண்ட கோடை

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலருக்கும் எங்கள் அம்மாவைப் பிள்ளைப்பாக்கத்துப் பால்காரம்மாவாகத்தான் தெரிந்திருக்கும். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், மூத்த மகளாகிய நான், நெருங்கிய உறவினர்களும் அறியாத ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

அம்மா மணிமங்கலத்தில் ஏழு பிள்ளைகளில் ஐந்தாவதாகப் பிறந்தார். அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, ஏரிக்கு மேற்கே புதர்க்காட்டை ஒட்டி நான்கு மாடுகள்தான் இருந்தன. நானும் தம்பியும் பிறந்து வளர்வதற்குள் அது இருபது மாட்டுப் பண்ணையாயிற்று. மூங்கிலும் முள்ளும் வைத்துக் கட்டிய பட்டிக்குள்ளேயே எங்கள் வீடும் இருந்தது. கறந்த பாலை அப்பா சைக்கிளில் ஸ்ரீபெரும்புதூருக்கு எடுத்துப் போவார். மற்றதெல்லாம் அம்மா. கன்று ஈன முடியாமல் திணறும் பசுவுக்குப் பின்னால் முழங்கை வரை எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தவர், சற்று நேரத்தில் கை கழுவி வந்து எனக்குத் தலை பின்னிவிடுவார்.

பட்டியின் படலைச் சாத்துவது என் வேலை. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பங்குனி மாதத்து மாலை ஒன்றில், மாடுகள் உள்ளே வந்ததும் படலைச் சாத்தாமல் விளையாட ஓடிவிட்டேன். திரும்பி வந்தபோது, எச்சில் ஒழுக ஒரு நாய் மாடுகளுக்கு நடுவிலிருந்து வெளியே ஓடியது. செவலைப் பசு தலையை உதறிக்கொண்டு நின்றது. அதன் மூக்கருகே ஒரு கீறல். வேலிமுள் கிழித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்பாவின் அடிக்குப் பயந்து யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துச் செவலை தீனி எடுக்கவில்லை. கரகரத்த குரலில் கத்தியது. வாயில் நுரை. மாம்பழக் காலமாதலால் கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கும் என்று அம்மா நினைத்தார். அப்பா தலையைப் பிடித்துக்கொள்ள, வாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். கொட்டை எதுவும் இல்லை. வெளியே எடுத்த கையில், பல் கிழித்த இடத்தில் ரத்தம் கசிந்தது.

மறுநாள் வந்த கால்நடை மருத்துவர் தூர நின்று பார்த்தே, வெறி என்றார். பட்டிக்குள் நாய் வந்ததா என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். அம்மா முந்திக்கொண்டு, மேய்ச்சலுக்குப் போன இடத்தில் ஏதாவது நாய் கடித்திருக்கும் என்றார்.

மூன்றாம் நாள் செவலை செத்தது. அம்மாவுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. தினமும் காஞ்சிபுரத்து ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வந்தார். முதல் ஊசிக்குப் போகும் முன், பால் வாங்கிய வீடுகளுக்கெல்லாம் தானே நடந்து போய் நடந்ததைச் சொன்னார். யாராவது காய்ச்சாமல் குடித்தார்களா என்று விசாரித்தார். பலர் பாலை நிறுத்தினார்கள். சிலர் அம்மாவைக் கண்டு ஒதுங்கிப் போனார்கள்.

வெறி வந்தவர்களுக்குத் தண்ணீரைப் பார்த்தாலே தொண்டை இறுகிவிடும் என்று விளையாட்டுத் தோழி ஒருத்தி சொல்லிவிட்டாள். அதன்பின் அம்மா தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் செம்பைத் தூக்கினால் என் மூச்சு நின்றுவிடும். விழுங்கிய பிறகுதான் திரும்பி வரும். சற்று இருமினாலும் ஓடிப்போய் முகத்தைப் பார்ப்பேன். அவர் கேட்காமலே தண்ணீர் மொண்டு வந்து நீட்டுவேன். வயிறு வீங்கி நிமிர முடியாமல் கிடந்த அம்மா, ஒருமுறைகூட வேண்டாமென்று சொல்லாமல் வாங்கிக் குடித்தார்.

பத்தாவது ஊசிக்கு என்னையும் அழைத்துப் போனார். பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது எனக்குத் தாங்கவில்லை. படலைச் சாத்தாததையும் நாயைப் பார்த்ததையும் சொல்லி அழுதேன். அம்மா சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும். நாயி வெளிய ஓடினத நானும்தான் பாத்தேன். கடிச்சிருக்கும்னு நெனைக்கல. உங்கப்பாவாண்ட இத்த சொல்லாத."

ஏன் என்று கேட்டேன்.

"சின்ன புள்ள மேல இப்டி ஒரு பழி வந்துச்சின்னா அது காலத்துக்கும் போவாது. எனக்கு ஒண்ணும் ஆவாது. கண்ணத் தொடச்சிக்கோ."

ஊசி முடிந்தும் என் பயம் முடியவில்லை. பல மாதங்கள் கழித்தும் வரலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த ஆண்டுத் தீபாவளியும் பொங்கலும் அம்மாவின் தொண்டையைப் பார்த்தபடியே எனக்குக் கழிந்தன. அடுத்த சித்திரையும் தாண்டிய பிறகே நிம்மதியாகத் தூங்கினேன்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மற்ற மாடுகளும் பிழைத்தன. விட்டுப்போன வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என்னைக் குன்றத்தூரில் கட்டிக்கொடுத்தார். தம்பியைப் படிக்க வைத்தார். அந்தக் கோடை கழிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் இதய நோயில் படுத்தபோது, எங்களைவிடச் சினைமாடுகளைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார். தம்பி கையைப் பிடித்திருக்க, அமைதியாக விடைபெற்றார். அப்போது உடனிருந்த செவிலியருக்கும், பால் வண்டியை ஓட்டிக் கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும், சமைத்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும் எங்கள் வணக்கம்.

இவ்வளவும் எழுதி, அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"இத்தினி வருசமா இத்த நெஞ்சிலயே வெச்சிக்கினு இருந்தியா" என்றார். பிறகு கடைசிப் பகுதியை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"மேரியம்மா பேர வுட்டுட்டியே. அந்தப் பதினாலு நாளும் பயப்படாம வந்து பால் கறந்து குடுத்தது அவங்கதான்."

உண்மைதான். அம்மாவின் தொண்டையைத் தவிர அப்போது நான் வேறெதையும் பார்க்கவில்லை. பக்கத்து நிலத்து மேரியம்மா அத்தை அவர்களே, தாமதமாகத்தான் சொல்கிறோம், எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி உங்களுக்கு.