சிடி உறைக்குள் புற்றுமண்

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஸ்கேன் சென்டரில் இசக்கித்துரைக்குப் பதினாறு வருஷ வேலை. வேலையில் சுத்தம், வாய் மட்டும் மோசம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளியின் சிடி உறைக்குள் கோயில் புற்றுமண்ணைப் பொட்டலம் கட்டிச் சொருகுவது நம் சனங்களின் வழக்கம். அதைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று வருஷத்துக்கு முன் குருவிகுளம் பொன்மணியின் புருஷன் மூக்காண்டி பைக்கிலிருந்து விழுந்தான். மண்டைக்குள் ரத்தக்கசிவு. இங்கே எடுத்த ஸ்கேன் சிடியின் உறைக்குள் பொன்மணி புற்றுமண்ணைச் சொருக, அதோடு திருநெல்வேலிக்கு ஓடினார்கள். அங்கே சிடி திறக்கவில்லை. மறுபடி ஸ்கேன் எடுக்க வரிசையில் கிடந்ததில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. ஆபரேஷனுக்குக் கொண்டுபோகுமுன்பே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்து, சிடி ஏன் திறக்கவில்லை என்று கேட்டு வந்தாள் பொன்மணி. அவள் கொண்டுவந்த சிடி உறையை இசக்கித்துரை தட்டினார். மண் கொட்டியது.

"மண்ணப் போட்டு வச்சா கீறாம என்ன செய்யும்? நீயே கெடுத்துட்டு இங்கன வந்து கேக்கியாக்கும்?"

அந்தச் சிடியை மிஷினில் போட்டுப் பார்க்கக்கூட இல்லை அந்த மனுஷன். அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள்.

போன மாசம் இசக்கித்துரையின் மாமனாருக்கு முடியாமல் போனது. சிடியை அவரே பதிந்து, அவரே திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார். மண் இல்லை, தூசி இல்லை. அதுவும் திறக்கவில்லை.

"இது உங்க மிஷின்ல மட்டுந்தான் திறக்கும் அண்ணாச்சி," என்றாள் அங்கே கம்ப்யூட்டரில் இருந்த விஜிதா. "எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவா ஒரு முறை இருக்குல்லா, அதுல பதியணும். உங்க சென்டர் சிடி எல்லாமே இப்படித்தான் வருது."

அந்த முறை அவர் மிஷினிலும் இருந்தது. பத்து நிமிஷம் கூடப் பிடிக்கும் என்று தொடாமலே விட்டிருந்தார்.

மாமனார் பிழைத்துக்கொண்டார். இப்போது எல்லாச் சிடியையும் பொது முறையில் பதிந்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே கொடுக்கிறார். நல்ல காரியந்தான். மூக்காண்டிக்கு அதனால் என்ன?

அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குருவிகுளத்துக்குப் பஸ் ஏறிப் போய், பொன்மணி வீட்டு வாசலில் நின்றார்.

"மண்ணால இல்லம்மா. மண்ணு ஒண்ணும் செய்யல. நான் பதிஞ்சதுதான் தப்பு."

பொன்மணி வீட்டுக்குள் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

"உங்கப்பாவ நாந்தான் கொன்னேன்னு அதுககிட்ட சொல்லி வச்சிருக்கேனே சார்," என்றாள்.