வேகமாக மிதிக்கும் நிமிடங்கள்

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, என் நெஞ்சு துடிப்பதே எனக்குப் பயமாகிவிட்டது. தெலுங்கு நாட்டில் நாங்கள் குடியிருக்கும் தார்நாகா குவார்ட்டர்ஸில் மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மார்பில் கை வைத்துக்கொள்வேன். மருத்துவமனையின் உடற்பயிற்சிப் பிரிவுக்கு டாக்டர் அனுப்பியபோது, ஏதோ மெதுநடையாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன்.

அங்கே மார்பில் ஒயர்களை ஒட்டி, சைக்கிளில் உட்காரவைத்து, மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாக மிதிக்கச் சொன்னார்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி எதிரே கம்ப்யூட்டரில் எங்கள் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சில நிமிடம் வேகம், சில நிமிடம் மெதுவாக, மறுபடி வேகம். சமையலறையில் சரிந்து விழுந்த அன்று அடித்துக்கொண்டதைப் போலவே நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கப் போனேன்.

"இறங்காதீங்கக்கா. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டுத்தான இருக்கு? ஏதாச்சும்னா நிறுத்திரும்" என்றார் பக்கத்து சைக்கிளில் இருந்தவர். மதுரைக்காரர், சாப்ட்வேர் வேலை. நாற்பதுகூட ஆகவில்லை. அவருக்கும் ஸ்டென்ட்.

அதன்பின் இருவரும் ஒரே நேரத்துக்கு வந்தோம். மெதுவாக மிதிக்கும்போதுதான் பேச மூச்சு இருக்கும். ஆனால் மெதுவாக மிதிப்பது அவருக்குப் பிடிக்காது. "மெல்லகா சார், மெல்லகா!" என்று பிசியோதெரபிஸ்ட் பெண் தெலுங்கில் அதட்டுவாள். அவர் சிரித்துக்கொண்டே குறைப்பார்.

ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. முந்தின நாள் அபார்ட்மென்ட் ஜிம்மில் தனியாக ட்ரெட்மில்லில் ஓடியிருக்கிறார். வாட்ச்மேன் பார்த்தபோது உயிர் இல்லை.

காரியங்கள் முடிந்தபின் அவர் மனைவி மகளோடு பயிற்சிப் பிரிவுக்கு வந்தார்.

"நீங்கதான அவரு பக்கத்து சைக்கிள்ல இருந்த அக்கா? அந்தப் பொண்ணு சொல்லுச்சு" என்று என்னிடம் கேட்டார். "ஓடுனதாலதான் போனாரா? இல்ல, எப்படியும் போயிருப்பாரா? டாக்டர் உறுதியா சொல்ல முடியாதுங்கறாரு."

"எனக்குத் தெரியலம்மா."

"நெஞ்சுவலி வந்ததுலருந்து வீட்ல வாயே தெறக்க மாட்டாரு. இங்க பேசுவாரா?"

"பேசுவார். நல்லா சிரிப்பார்."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் முகம் இறுகிவிட்டது. "எங்ககிட்டயும் சிரிச்சிருக்கலாம்ல" என்றார். வீட்டுக்குப் போகலாம் என்று மகள் தெலுங்கில் முணுமுணுத்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

பிறகு நான் பயிற்சிக்குப் போகவில்லை. "வேணாம், விட்டுடு" என்றார் என் கணவர். ஆனால் சில வாரங்களிலேயே படியில் பழையபடி பாதியில் நிற்க ஆரம்பித்தேன். வேறு வழியில்லாமல் திரும்பப் போனேன்.

பக்கத்து சைக்கிளில் யாரோ ஒரு பெரியவர் இருந்தார். வேகமாக மிதிக்கும் முறை வந்ததும் என் கால்கள் அசையவில்லை. பிசியோதெரபிஸ்ட் பெண் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தாள். "நேனு உன்னானு, மேடம்" என்றாள். நான் இருக்கிறேன் என்று அர்த்தம். அழுதுகொண்டே மிதித்தேன். நெஞ்சு பலமாக அடித்துக்கொண்டது. அந்தப் பயம் இன்றுவரை போகவில்லை.