பல் டாக்டர் வீட்டு மாடிக்கு இருபத்திரண்டு படி

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நான் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு பல் டாக்டர் சொன்னதாக, என் மகளிடம் இரண்டு வருடம் கதை விட்டேன். “டாக்டரைக் கேட்டுட்டேன் கண்ணு. வளர வளரத் தானா நேராகிடுமாம்.” கேட்டது உண்மைதான். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே அந்த மாடிப்படிக்குக் கீழே நின்று என்னையே கேட்டேன், பதிலையும் நானே சொல்லிக்கொண்டேன். படிகள் இருபத்திரண்டு. ஏறி எண்ணவில்லை, கீழே நின்றபடியே எண்ணினேன். எண்ணி முடித்ததும் எதிர் பேக்கரியில் வர்க்கி வாங்கிக்கொண்டு ஜெகதளா பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது மேல்வரிசையில் இரண்டு பக்கமும் கோரைப்பற்கள் உட்கார இடம் கிடைக்காமல் முன்னால் ஏறி நின்றுகொண்டன, காலை நேரத்து எங்கள் ஊர் பஸ்ஸில் படியில் தொங்குகிறவர்களைப் போல. தெத்துப்பல் ராசி என்று அக்கம்பக்கத்தில் நாலு பேர் சொன்னார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. ராசியை யாராவது டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுவார்களா?

உண்மைக் காரணம் வேறு. சிறு வயதில் ஒரு முறை எனக்குப் பல் பிடுங்கினார்கள். இரண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அன்றோடு சரி. தேயிலைக்குள் கரடி நின்றால் ஒதுங்கி வழிவிட்டு நிதானமாக வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். பல் டாக்டர் போர்டைப் பார்த்தால் மட்டும் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன்.

இதில் பெரிய வேடிக்கை, என் பிழைப்பே வாயில்தான் நடக்கிறது. சின்னத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் டீ மேக்கராக இருக்கிறேன். தினமும் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, கொதிக்கக் கொதிக்க ஒரு வாய் உறிஞ்சி, உருட்டி, துப்பி, தரம் சொல்ல வேண்டும். வலது கடைவாய்ப் பல்லில் பொத்தல் விழுந்த பிறகு எல்லாவற்றையும் இடப்பக்கமாகவே ஓட்டினேன். பிறகு அதுவும் முடியாமல், டீயை ஆறவிட்டுக் குடித்துப் பார்த்தேன். ஆறின டீ எதுவுமே எடுப்பாக இருக்காது. ஒரு வாரம் எல்லாவற்றையும் ‘சப்’பென்று இருப்பதாகச் சொன்னேன். இலையைக் காயவைக்கும் சூட்டை ஃபேக்டரி ஆட்கள் பாவம், ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். கடைசியில் சூப்பர்வைசர் வந்து, “ஏனுங்க, இலை சரியில்லையா, இல்ல நாக்கு சரியில்லையாங்க?” என்றார். “இலைதானுங்க” என்றேன், கன்னத்தை மப்ளருக்குள் தள்ளிக்கொண்டு.

அந்த மப்ளர்தான் என்னையும் மகளையும் காப்பாற்றியது. கெடுத்ததும் அதுதான். கீழே கோயமுத்தூரில் இருந்திருந்தால் மகள் வாயை மூடிக்கொண்டு திரிவதை ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பேன். இந்த மலையில் மூக்குவரை சுற்றிக்கொண்டு போகிறவரை ஏன் என்று யாரும் கேட்பதில்லை. என் மனைவி மட்டும் ஒரு நாள், “இந்த ஊட்டுல உங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் குளிருதாங்க?” என்றாள். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். பாதியில் வலித்தது, நிறுத்திக்கொண்டேன்.

பிறகு வகுப்பு டீச்சரிடமிருந்து போன் வந்தது. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. காலை பிரேயரில் தமிழ்ச் செய்தி வாசிப்பது அவள்தான். அவள் வாசித்தால் வாட்ச்மேன்கூட நின்று கேட்பார் என்று டீச்சரே முன்பு சொல்லியிருக்கிறார்.

“பாப்பாவுக்குத் தொண்டைக்கு ஏதாச்சும் பண்ணுதுங்களா? இந்த வெயில்லயும் மப்ளரைக் கழட்ட மாட்டேங்குறா. செய்தி வாசிக்க மாட்டேன்னு ஒரே அழுகை. திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேனுங்க. இல்லைன்னா வேற புள்ளைக்குத்தான் குடுக்கணும்.”

சாயங்காலம் அவளிடம் கேட்டேன். நோட்டிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னாள்: “அதான் தானா நேராகிடும்னு டாக்டர் சொன்னாரில்லப்பா. நேராகுற வரைக்கும் மூடிக்கிறேன்.”

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. அந்த டாக்டரை உண்மையாகவே நம்பியிருந்தாள். கடைவாய் வலி அந்த நிமிடம் எங்கே போனது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை இருவரும் குன்னூர் போனோம். அதற்குள் என் கன்னம் நன்றாக வீங்கிவிட்டது. பத்தாவது படியில் பர்ஸை மறந்துவிட்டேனோ என்று நின்றேன். பதினைந்தாவதில் கரண்ட் இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. “ஏறுங்கப்பா” என்று பின்னாலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளினாள்.

டாக்டர் ஒரு இளம் பெண். மப்ளர் கட்டிய இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யாருக்குங்க பாக்கணும்?”

“பாப்பாவுக்குங்க.”

“அப்போ உங்க கன்னத்துல இருக்குறது என்ன, பன்னுங்களா?”

மகள் முந்திக்கொண்டாள். “அப்பாவை முதல்ல பாருங்க டாக்டர். எனக்கு வலியெல்லாம் இல்லை.”

நாற்காலி சாய்ந்ததும் எனக்கு உண்மை வந்துவிட்டது. “பயமா இருக்குதுங்க” என்றேன். இந்த வயதில் ஒரு ஆண், பக்கத்தில் மகளை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய வார்த்தையா அது? டாக்டர் சிரிக்கவில்லை. “சொன்னது நல்லதுங்க. தினமும் ரெண்டு பேராவது சொல்றாங்க. நான் என்ன பண்ணப் போறேன்னு முன்னாடியே சொல்லிட்டுத்தான் பண்ணுவேன். இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவேன்.”

தூக்கினேன்.

“நான் இன்னும் தொடவே இல்லையுங்களே?”

“நிறுத்துறீங்களான்னு பாத்தேனுங்க.”

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மகள் சிரித்துவிட்டாள். மப்ளர் கழுத்துக்கு இறங்கிவிட்டதை அவளும் கவனிக்கவில்லை. பல் முழுக்கத் தெரிய அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

ஈறில் மரப்பு மருந்தைத் தடவிக் காத்திருந்தார். பிறகுதான் ஊசி, மெதுவாக. நான் இன்னும் ஏழெட்டு முறை கையைத் தூக்கினேன். ஒரு முறை மூக்கு அரித்ததற்கு. ஒவ்வொரு முறையும் நிறுத்தினார், முகம் சுளிக்காமல். அதற்கு நான் என்ன நன்றி சொன்னாலும் தகும். வலி குறைந்தது மருந்தால். பயம் குறைந்தது, கையைத் தூக்கினால் எதிரில் இருப்பவர் நிற்கிறார் என்பதால்தான். அன்று சீழை வடித்து, மாத்திரை கொடுத்து அனுப்பினார். பிறகு இரண்டு முறை போனேன். பல்லைப் பிடுங்கவில்லை. வேருக்குள் சுத்தம் செய்து அடைத்து, மேலே ஒரு மூடி போட்டார். “ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா சின்னதா அடைச்சு அன்னிக்கே அனுப்பியிருப்பேனுங்க” என்றார். எனக்கு எதிர்ப் பேக்கரி நினைவுக்கு வந்தது.

அதே சனிக்கிழமை அடுத்து மகள் உட்கார்ந்தாள். முதல் கேள்வியே, “இது தானா நேராகிடுமா டாக்டர்?”

நான் சுவரில் இருந்த பல் படத்தை ஆராயத் தொடங்கினேன்.

“யார் சொன்னது? உட்கார இடமே இல்லாத பல்லு தானா எங்க போகும்?”

மகள் திரும்பிப் பார்த்தாள். மரத்துப்போன வாயைத் தொட்டுக் காட்டி, பேச முடியாது என்று சைகை செய்தேன். அவள் பார்வையை எடுக்க ரொம்ப நேரமாயிற்று.

எந்த வயதிலும் கம்பி போடலாம், வளரும் வயதில் பல் சுலபமாக நகரும் என்று டாக்டர் விளக்கினார். முதலில் பல்லைச் சுத்தம் செய்து ஈறில் ரத்தம் வருவதை நிறுத்த வேண்டும். இடம் உண்டாக்க இரண்டு பல்லை எடுக்க வேண்டியிருக்கலாம், அதை எக்ஸ்ரே பார்த்துச் சொல்கிறேன் என்றார். உலோகக் கம்பி இருக்கிறது, பல் நிறத்தில் இருக்கிறது, கண்ணாடி போலத் தெளிவாக, கழற்றி மாட்டுகிற உறையும் இருக்கிறது. உறையைச் சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் தவிர எப்போதும் மாட்டியிருக்க வேண்டும்.

“கழட்டுற மாதிரி வேண்டாங்க” என்றாள் மகள். “நான் எங்கப்பா பொண்ணு.”

பல் எடுப்பதைப் பற்றி மட்டும் குரல் இறங்கியது. “நானும் கையைத் தூக்கினா நிறுத்துவீங்களா?”

“உங்கப்பாவுக்கே நிறுத்தினேனே!”

திங்கட்கிழமை அவள் செய்தி வாசித்தாள். பல் அப்படியேதான் இருந்தது, ஒரு நூல்கூட நகரவில்லை. டீச்சர் போனை உயர்த்திப் பிடித்து எனக்குக் கேட்க வைத்தார். ஃபேக்டரி இரைச்சலுக்கு வெளியே வந்து, இலை மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டேன். அந்த டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் எழுந்து நிற்கிறேன்.

இரண்டு பல் எடுத்து, புண் ஆறி, கம்பி மாட்டிய நாளில் திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கம்பியைச் சுற்றியிருந்த ஊதா நிற ரப்பர் அவளே தேர்ந்தெடுத்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரைக் கேட்டதே இல்லை, பயந்துகொண்டு கீழேயே நின்றேன், உன் இரண்டு வருடத்தை நான்தான் வீணாக்கினேன், நீ முதுகில் தள்ளியிருக்காவிட்டால் இன்னும் கீழேதான் நின்றிருப்பேன், இப்போது கொதிக்கும் டீயை இரண்டு பக்கமும் குடிக்கிறேன் என்றால் அது உன்னால்தான். இப்படி ஒரு வளைவு முழுவதும் பேசினேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா மேல கோவமா கண்ணு? மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்.”

“பேச வைக்காதீங்கப்பா, வலிக்குது.”